செய்தி விசாரிக்கப்படாத வழக்கு

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். மியான்மரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ ஆகிய இருவரும் அரசின் ரகசிய ஆவணங்களோடு பிடிபட்டார்கள், திறந்த நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது, வழக்கறிஞர்கள் வாதாடினார்கள், மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது, எல்லா இடத்திலும் அவர்கள் தோற்றார்கள். அப்படியிருக்க, இதைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று சொல்வது நிருபர்களுக்கு மட்டும் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்பதாகாதா, கடைசியில் பொதுமன்னிப்பும் கிடைத்துவிட்டதே, என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: முறைப்படி நடந்ததாகத் தோன்றும் ஒரு வழக்கு, குற்றத்துக்காக நடந்ததா, எழுதியதற்காக நடந்ததா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நான் மாவட்ட நீதிமன்றங்களில் நீண்ட காலமாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருபவன். அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் ஒரு வழக்குகூட என் கைக்கு வந்ததில்லை. அச்சட்டத்தின்கீழ் வழக்குகளே அரிது. பர்மிய மொழியும் தெரியாது. யாங்கூன் நீதிமன்றத்தில் நடந்தவற்றை அன்றன்று வெளியான செய்திகளின் வழியாகத்தான் தொடர்ந்தேன். ஆனால் அந்த நிருபர்களைத் தண்டித்த சட்டம் எனக்கு அந்நியமானதல்ல. அது 1923ஆம் ஆண்டின் 19ஆவது சட்டம். இன்றும் இந்தியாவில் நடப்பில் இருக்கும் அதே அலுவல் ரகசியச் சட்டம். அது இயற்றப்பட்டபோது பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937இல் பர்மா பிரிந்து சென்றபோது சட்டமும் கூடவே சென்றது. பிரிவு எண்கள்கூட மாறவில்லை. ஆகவே சட்டத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், அதற்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதைத் தயக்கத்தோடும் சொல்கிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாத நிகழ்ச்சிகள் இவை. 2017 செப்டம்பர் 2 அன்று ரக்கைன் மாநிலத்தின் இன் தின் கிராமத்தில் பத்து ரோஹிங்கியா முஸ்லிம் ஆண்கள் கொல்லப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். மீனவர்கள், கடைக்காரர்கள், பள்ளி மாணவர்கள் இருவர், ஒரு மார்க்க ஆசிரியர் என்று சாதாரண மனிதர்கள். ராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி ரோஹிங்கியாக்கள் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடிய காலம் அது. அகதிகள் சொன்ன கொடுமைகள் ஏற்கெனவே உலகம் முழுதும் வெளிவந்திருந்தன. அரசு எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருந்தது. இந்த இருவரும் திரட்டியது வேறு வகைச் சான்று. கொலையில் பங்கெடுத்த பௌத்த கிராமவாசிகளே வாய் திறந்து சொன்னது. பாதுகாப்புப் படையினர் சொன்னது. கட்டப்பட்ட கைகளோடு வரிசையாக மண்டியிட்டிருந்த பத்துப் பேரின் படமும், அதே பத்துப் பேர் குழிக்குள் கிடந்த படமும். மறுக்க முடியாத இந்தச் செய்தி அச்சுக்கு வருவதற்கு முன்பே, 2017 டிசம்பர் 12 இரவு, அவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

கைதைப் பற்றி இரண்டு கதைகள் இருந்தன. வழக்கமான வாகனச் சோதனையில் நிறுத்திப் பார்த்தபோது ஆவணங்கள் கிடைத்தன என்றது காவல் துறை. காவலர்கள் சிலர் ஓர் உணவகத்துக்கு அழைத்தார்கள், சுருட்டிய தாள்களைக் கையில் கொடுத்தார்கள், வெளியே வந்தவுடன் வேறு காவலர்கள் வந்து பிடித்தார்கள் என்றார்கள் நிருபர்கள். கைதுக்குப் பிறகு இரண்டு வாரம் அவர்களை யாரும் பார்க்க முடியவில்லை. தூங்க விடாமலும், முகத்தை மூடியும், மணிக்கணக்கில் மண்டியிட வைத்தும் விசாரித்ததாக அவர்கள் பின்னர் சாட்சியம் அளித்தார்கள். ஜாமீன் மறுக்கப்பட்டது. குற்றச்சாட்டு வனைவதற்கு முன்னரே ஏறத்தாழ ஆறு மாதம் சாட்சி விசாரணை நடந்தது. 2018 ஜூலை 9 அன்றுதான் முறைப்படி குற்றச்சாட்டு வனையப்பட்டது.

அந்த ஆறு மாதத்தில் நடந்தவற்றைப் படிக்கும்போது, எந்தக் குற்றவியல் வழக்கறிஞருக்கும் சிரிப்பும் வரும், வயிறும் கலங்கும். கைது செய்த காவலர் ஒருவர், அப்போது எழுதிய குறிப்புகளைத் தானே எரித்துவிட்டதாகக் கூண்டில் நின்று சொன்னார். கைது நடந்த இடம் பற்றிச் சாட்சி சொல்ல வந்த குடிமைச் சாட்சி ஒருவர், காவல் துறை சொல்லும் இடத்தின் அடையாளத்தைத் தம் கையில் எழுதி வைத்திருந்தார். கேட்டபோது, தமக்கு ஞாபக மறதி என்றார். நம் ஊர் மகஜர் சாட்சிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த மனிதரின் மீது கோபம் வரவில்லை. எங்கோ பார்த்த முகம்போல்தான் இருந்தது. அந்த ஆவணங்களில் இருந்த தகவல்கள் ஏற்கெனவே செய்தித்தாள்களில் வெளிவந்தவை என்பதும் குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டது.

2018 ஏப்ரல் 20 அன்று அரசுத் தரப்பின் சாட்சியாகவே வந்த காவல் துறை கேப்டன் மோ யான் நைங், உயரதிகாரி ஒருவர் அந்த நிருபர்களைப் பொறியில் சிக்க வைக்கும்படி உத்தரவிட்டதாகவும், ரகசிய ஆவணங்களைக் கொடுத்துக் கைது செய்யச் சொன்னதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அரசுத் தரப்பு அவரைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கக் கோரியது, நீதிபதி மறுத்துவிட்டார். இதைச் சற்று நின்று பாருங்கள். தன் சொந்தச் சாட்சியே வழக்கு புனையப்பட்டது என்கிறார், அவரை நம்பத்தக்கவர் அல்லர் என்று தள்ளவும் நீதிமன்றம் இணங்கவில்லை. சாதாரணத் திருட்டு வழக்காக இருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். நடந்ததோ வேறு. மோ யான் நைங்கின் குடும்பம் உடனடியாகக் காவலர் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது. காவல் துறை ஒழுங்குச் சட்டத்தை மீறியதாக அவருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2018 செப்டம்பர் 3 அன்று நீதிபதி யே ல்வின், நிருபர்கள் இருவருக்கும் ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தார். வா லோனின் மனைவி குழந்தை பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன.

இப்படித் தண்டிப்பது எப்படிச் சாத்தியமாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். விடை அச்சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் நோக்கத்தோடு, பகைவருக்குப் பயன்படக்கூடிய ஆவணத்தைப் பெறுவதோ திரட்டுவதோ குற்றம். படை தொடர்பானதாக இருந்தால் பதினான்கு ஆண்டு வரை சிறை. நோக்கம் என்று சொல்லிவிட்டால், அதை அரசுத் தரப்பல்லவா மெய்ப்பிக்க வேண்டும்? அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அந்தச் சுமையைக் கரைத்துவிடுகிறது: கெட்ட நோக்கத்தைக் காட்டும் குறிப்பிட்ட செயல் எதையும் மெய்ப்பிக்கத் தேவையில்லை, சூழ்நிலையிலிருந்தோ, நடத்தையிலிருந்தோ, அவருடைய அறியப்பட்ட குணத்திலிருந்தோ நோக்கம் அப்படித் தோன்றினால் போதும். சட்டத்தில் அனுமானங்கள் இருப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். காசோலை வழக்குகளில் நாள்தோறும் அதைத்தான் சந்திக்கிறோம். கடன் இருந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர் ஓரளவு காட்டினால் போதும், அனுமானம் உடைந்துவிடும். ஆனால் ஒருவருடைய குணத்திலிருந்து அவருடைய நோக்கத்தை அனுமானிப்பது என்று வந்துவிட்டால், நிருபரின் தொழிலே அவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. ஆயுதக் குழு ஒன்றின் தொடர்பு எண் கைப்பேசியில் இருப்பது உளவாளிக்கும் பொருந்தும், போர்ப் பகுதியில் செய்தி திரட்டும் எவருக்கும் பொருந்தும். யாங்கூன் தீர்ப்பு முதல் பொருளை எடுத்துக்கொண்டது. 2019 ஜனவரி 11 அன்று மேல்முறையீட்டைத் தள்ளிய உயர் நீதிமன்றம், தாங்கள் குற்றமற்றவர்கள் என்பதற்கு அவர்கள் போதிய சான்று தரவில்லை என்ற பொருள்படச் சொன்னது. சுமை முழுவதுமாகக் கைமாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

இப்போது உங்கள் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். இத்தகைய வழக்குகளில் நான் முதலில் பார்ப்பது, விசாரணை திறந்த மன்றத்தில் நடந்ததா, வழக்கறிஞர் இருந்தாரா என்பதையல்ல. அந்தச் செய்தி விசாரிக்கப்பட்டதா என்பதை. இன் தின் பற்றி அவர்கள் எழுதியது உண்மையா பொய்யா என்ற கேள்வி இந்த வழக்கில் எந்த இடத்திலும் தீர்மானிக்கப்பட வேண்டியதாக இருக்கவில்லை. ரகசியச் சட்டத்தின் வசதியே அதுதான். அவதூறு என்றோ பொய்ச்செய்தி என்றோ வழக்குப் போட்டிருந்தால், பத்துப் பேர் கொல்லப்பட்டார்களா, யார் கொன்றார்கள், குழி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் சாட்சியத்துக்கு வந்திருக்கும், கிராமவாசிகள் கூண்டேறியிருப்பார்கள், படங்கள் சான்றாவணங்களாகியிருக்கும். கையில் தாள் இருந்ததா இல்லையா என்று கேள்வியைச் சுருக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. 2018 ஜனவரி 10 அன்று நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்வேன். இன் தின்னில் பத்துப் பேரைத் தன் படையினரும் கிராமவாசிகளும் கொன்றது உண்மைதான் என்று ராணுவம் அன்று அறிக்கை விட்டது. கொல்லப்பட்டவர்களைப் பயங்கரவாதிகள் என்று அது சொன்னது வேறு விஷயம். அதே நாளில்தான் அரசுத் தரப்பு அந்த இருவர் மீதும் ரகசியச் சட்டத்தின்கீழ்க் குற்றச்சாட்டு வனையக் கோரியது. செய்தியின் சாரத்தை அரசே ஒப்புக்கொண்ட பிறகும் வழக்கு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நகர வேண்டிய தேவையும் சட்டப்படி இருக்கவில்லை.

தண்டனைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதும் உதவும். அந்தக் கொலைகளுக்காக ராணுவத்தினர் ஏழு பேருக்கு 2018 ஏப்ரலில் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலேயே அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். கொலையை வெளிக்கொணர்ந்தவர்கள் 511 நாள் சிறையில் இருந்தார்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கும் கோபம் ஒன்றாகவும், குற்றப்பத்திரிகையில் இருக்கும் குற்றம் வேறொன்றாகவும் இருப்பது மியான்மருக்கு மட்டும் உரியதல்ல. பிலிப்பைன்ஸில் மரியா ரெஸ்ஸா நடத்திய ராப்ளர் தளம், ரொட்ரிகோ துதெர்தே ஆட்சியின் போதைப்பொருள் எதிர்ப்புப் படுகொலைகளைத் தொடர்ந்து எழுதியது. வந்த வழக்குகளோ வரி ஏய்ப்பு, நிறுவனத்தில் வெளிநாட்டவருக்குப் பங்குடைமை, இணைய அவதூறு. அந்த அவதூறு வழக்குக்கு அடிப்படையான கட்டுரை 2012 மே மாதத்தில் வந்தது. துதெர்தே அப்போது அதிபர் அல்லர், இணையக் குற்றச் சட்டமும் அப்போது இயற்றப்படவில்லை. 2014இல் அந்தக் கட்டுரையில் ஓர் எழுத்துப் பிழையை, ஒரே ஓர் எழுத்தை, திருத்தியதை மறுவெளியீடு என்று கொண்டு 2020 ஜூனில் அவரைக் குற்றவாளி என்றார்கள். வரி வழக்குகளில் 2023இல் அவர் விடுதலையானார். அதற்குள் ஆண்டுகள் போய்விட்டன. படுகொலைகள் பற்றி ராப்ளர் எழுதியது எதுவும் இந்த வழக்குகளில் சோதிக்கப்படவில்லை.

என் அளவுகோலுக்கு ஒரு விதிவிலக்கையும் நானே சொல்லிவிட வேண்டும். இலங்கையில் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகத்தின் வழக்கில் எழுத்துத்தான் குற்றம். 2008 மார்ச்சில் கைதான அவர் மீது, 2006இல் ஓர் ஆங்கில மாத இதழில் வெளியான வரிகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்து, 2009 ஆகஸ்ட் 31 அன்று இருபதாண்டுக் கடூழியச் சிறை விதித்தார்கள். அங்கே அந்த வரிகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. ஆனால் கேட்கப்பட்டது, அவை இனங்களுக்கிடையே பகைமை மூட்டுமா என்பது. தமிழ்ப் பொதுமக்களுக்குப் போரில் நேர்ந்ததாக அவர் எழுதியது நேர்ந்ததா என்பது அல்ல. காவல் துறை உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் அச்சட்டத்தின் 16ஆம் பிரிவும், அது மிரட்டிப் பெறப்பட்டது என்று காட்டும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவரின் மீதே போடும் அதன் தொடர்ச்சியும் அவருக்கு எதிராக நின்றன. ஆகவே செய்தி மன்றத்துக்கு வந்ததா என்பதோடு, வந்தது எந்தக் கேள்விக்கு விடையாக என்பதையும் பார்க்க வேண்டும் என்று என் அளவுகோலைத் திருத்திக்கொள்கிறேன்.

உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. யாங்கூன் பொறியை வகுத்தது எந்த மட்டத்தில் என்பது எந்த நீதிமன்றத்திலும் தீர்மானிக்கப்படவில்லை; ஓர் அதிகாரியின் சாட்சியம் இருக்கிறது, அவ்வளவுதான். ராணுவம் மட்டுமே செய்தது என்று எழுதுவதும் எளிதாக்கல்தான். 2008 அரசியல் சட்டப்படி உள்துறை ராணுவம் நியமித்த அமைச்சரிடம் இருந்தது, காவல் துறை அதன்கீழ் இருந்தது என்பது உண்மை. ஆனால் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை அதிபர் அலுவலகம் கொடுத்தது. அது தேர்தலில் வென்ற கட்சியின் அதிபர். அக்கட்சியின் தலைவர் ஆங் சான் சூச்சி விரும்பியிருந்தால் தடுத்திருக்க முடியுமா என்பதில் நேர்மையானவர்களே இரு பக்கமாக இருக்கிறார்கள். எனக்கு, முயன்றதற்கான அடையாளம் தெரியவில்லை என்பதே பெரிதாகப் படுகிறது.

நிருபர்களுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்பதும் என் கருத்தல்ல. படை நகர்வுகள் பற்றிய உண்மையான ரகசியத்தை விலைக்கு விற்கும் ஒருவர் நிருபர் அட்டை வைத்திருந்தாலும் குற்றவாளிதான். ஜனநாயக நாட்டில் இச்சட்டம் ஒழுங்காகத்தான் பயன்படும் என்றும் சொல்வதற்கில்லை. 2002 ஜூனில் டெல்லியில் காஷ்மீர் டைம்ஸ் நிருபர் இஃப்திகார் கிலானி இதே சட்டத்தின்கீழ்க் கைதாகி ஏழு மாதம் சிறையில் இருந்தார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட ரகசியம், பாகிஸ்தானில் அச்சிட்டு வெளியிடப்பட்டு இணையத்திலும் கிடைத்த ஓர் ஆய்வுக் கட்டுரை. முதலில் அதைப் பாதுகாப்புக்கு ஊறு விளைவிப்பது என்று சொன்ன ராணுவ உளவுத்துறை பின்னர் அப்படியில்லை என்று சொல்ல நேர்ந்தது; 2003 ஜனவரியில் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே வெளியான தகவல் ரகசியம் ஆகாது என்ற அதே வாதம்தான் யாங்கூனிலும் வைக்கப்பட்டது. இங்கே, எவ்வளவு தாமதமாகவும் அரைமனதோடும் ஆனாலும், அது எடுபட்டது.

பொதுமன்னிப்பைப் பற்றி. 2019 ஏப்ரல் 23 அன்று உச்ச நீதிமன்றம் கடைசி மேல்முறையீட்டைத் தள்ளியது. அதற்குச் சில நாள் முன்னர்தான் அந்தப் புலனாய்வுக்காக ராய்ட்டர்ஸுக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. மே 7 அன்று அதிபர் வின் மியின்ட், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளோடு சேர்த்து அவர்களையும் விடுவித்தார். திசைநாயகத்துக்கும் 2010 மே 3 அன்று, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளில், மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. மன்னிப்பு என்பது தண்டனையை நீக்குவது, தீர்ப்பை நீக்குவதல்ல. அரசுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை: உலகத்தின் நெருக்குதல் தணிகிறது, குற்றவாளி என்ற தீர்ப்பும் அதன் காரணங்களும் அப்படியே ஏட்டில் நிற்கின்றன, அடுத்த நிருபர் அவற்றைப் படித்துத் தெரிந்துகொள்கிறார்.

2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, நீங்கள் குறிப்பிட்ட முறைமைகள்கூட மிஞ்சவில்லை. அந்த மார்ச்சில் மிஸ்ஸிமா, மியான்மர் நவ் உள்ளிட்ட ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்று புதிய பிரிவு சேர்க்கப்பட்டு, அச்சமூட்டும் செய்தி, பொய்ச்செய்தி என்று மூன்றாண்டு வரை சிறை வைக்க வழி செய்யப்பட்டது. 2023இல் மோக்கா புயலின் சேதத்தைப் படமெடுக்கச் சென்ற மியான்மர் நவ் புகைப்படக்காரர் சாய் ஸா தைக் சிறைக்குள் கூடிய ராணுவ நீதிமன்றத்தில் ஒரே நாள் விசாரணைக்குப் பின் இருபதாண்டுத் தண்டனை பெற்றார். எரித்த குறிப்புகள் பற்றியும், கையில் எழுதிவந்த சாட்சி பற்றியும் நமக்குத் தெரிந்திருப்பது 2018இல் மன்றம் திறந்திருந்ததால்தான் என்பதை உங்கள் பக்கத்து நியாயமாக ஒப்புக்கொள்கிறேன்.

நிருபர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட சில நாட்களில், ஹனோயில் நடந்த ஒரு மாநாட்டில் ஆங் சான் சூச்சியிடம் இந்த வழக்கைப் பற்றிக் கேட்டார்கள். அவர்கள் பத்திரிகையாளர்கள் என்பதற்காகச் சிறையில் இல்லை, அலுவல் ரகசியச் சட்டத்தை மீறியதாக நீதிமன்றம் கண்டதால் இருக்கிறார்கள், கருத்துச் சுதந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார் அவர். ஏறத்தாழ நீங்கள் கேட்டிருப்பதும் அதுதான். 2022 செப்டம்பர் 29 அன்று, வெளியார் யாரும் அனுமதிக்கப்படாத மன்றத்தில், வெளியே பேச வழக்கறிஞர்களுக்கும் தடை இருந்த நிலையில், அவருக்கும் அவருடைய பொருளாதார ஆலோசகராக இருந்த ஆஸ்திரேலியர் ஷான் டர்னலுக்கும் மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சட்டம் அதே 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம்.